ஓய்வு தொடங்கும் முன் வரும் பரபரப்பு: யூதர்களின் வெள்ளிக்கிழமை

கேள்வி: "லண்டனில் ஹெண்டன் பகுதியில் குடியிருக்கிறோம். அக்கம்பக்கத்தில் யூதக் குடும்பங்கள் நிறைய உண்டு. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள் என்பது தெரியும். ஆனால் வியாழக்கிழமை இரவிலிருந்தே தெரு முழுக்கப் பரபரப்பாக இருக்கிறது. எந்த வேலையும் செய்யாமல் இருக்கப்போகும் ஒரு நாளுக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு? விருப்பம் உள்ளவர்கள் அவரவர் வீட்டில் தனியாக ஓய்வெடுத்தால் போதாதா?"

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி, ஏனென்றால் முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. சபாத் எனப்படும் அந்த ஓய்வுநாளைத் தனியாக அனுசரிக்க முடியும். சிறையிலும் கப்பலிலும் ஆள் அறியாத ஊரிலும் அப்படி அனுசரித்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் யூத மரபு அந்த நாளைத் தனிமனிதர் ஒருவரின் ஓய்வாக வகுக்கவில்லை. ஊரே ஒரே நேரத்தில் வேலையை நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகு அந்த ஊரில் எவரும் பசியோடோ இருட்டிலோ துணையில்லாமலோ இருந்துவிடக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் சபாத். சமைப்பது, விளக்கேற்றுவது, பணம் கொடுப்பது, பொருளைத் தெருவில் தூக்கிச் செல்வது எல்லாம் சனிக்கிழமை விலக்கப்பட்டிருப்பதால், ஒருவருக்கொருவர் செய்ய வேண்டியவை அனைத்தும் வெள்ளிக்கிழமையின் தலையில் வந்து விழுகின்றன. நீங்கள் தெருவில் பார்க்கும் பரபரப்பு அதுவே.

நேரக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். சபாத் வெள்ளிக்கிழமை சூரிய அஸ்தமனத்தில் தொடங்கி, சனிக்கிழமை இருட்டி மூன்று நட்சத்திரங்கள் தெரியும் நேரத்தில் முடிகிறது. அஸ்தமனத்துக்கு 18 நிமிடம் முன்பாக விளக்கேற்றுவது பல ஊர்களின் வழக்கம். எருசலேமில் 40 நிமிடம் முன்பு ஏற்றுகிறார்கள். டிசம்பர் மாதத்து லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால், அலுவலகத்தில் இருப்பவர் இரண்டு மணிக்கெல்லாம் கிளம்பியாக வேண்டும். ஜூன் மாதத்தில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்காகப் பல சபைகள் அப்போது சபாத்தை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கின்றன. சூரியன் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மற்ற எந்தக் கெடுவையும் கெஞ்சிக் கூத்தாடித் தள்ளிப்போடலாம், இதை முடியாது என்பதால்தான் வெள்ளிக்கிழமை மதியத்தின் முகமே மாறிவிடுகிறது.

என்னென்ன வேலைகள் விலக்கு என்பதை மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு 39 வகைகளாகப் பிரித்திருக்கிறது. உழுதல், விதைத்தல், அறுத்தல், மாவு பிசைதல், சுடுதல், நெய்தல், முடிச்சுப் போடுதல், கிழித்தல், எழுதுதல், அழித்தல், நெருப்பு மூட்டுதல், அணைத்தல், வீட்டுக்குள்ளிருந்து வெளியே பொருளைக் கொண்டுபோதல் என்று அந்தப் பட்டியல் போகிறது. உடம்பு நோகும் வேலைகளின் பட்டியல் என்று இதை நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒற்றை எழுத்து எழுதுவதில் என்ன களைப்பு? பாலைவனத்தில் இஸ்ரவேலர் ஆசரிப்புக் கூடாரம் என்னும் வழிபாட்டுக் கூடாரத்தை அமைக்கச் செய்த கைவேலைகளே இந்த 39 என்பது யூத மத ஆசான்களான ரபிமாரின் விளக்கம். மனிதன் தன் கையால் உலகை மாற்றும் செயல்களை ஒரு நாள் நிறுத்திவைப்பதே இதன் கருத்து.

இது வீட்டுக்குள் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும். ஆகவே வெள்ளிக்கிழமையே அந்த பல்பைக் கழற்றிவிடுகிறார்கள், அல்லது அதற்கென உள்ள அமைப்பை இயக்கிவிடுகிறார்கள். கூடத்து விளக்குகளுக்கு டைமர் பொருத்துகிறார்கள். வெந்நீர்க் கலன் கொதித்துத் தயாராக நிற்கிறது. சமைத்த பாத்திரங்கள் மெல்லிய சூட்டில் இருக்கும் உலோகத் தகட்டின் மேல் ஏறுகின்றன. கிழித்தல் விலக்கப்பட்டிருப்பதால், கழிவறையில் வைக்கும் காகிதத்தைக்கூட முன்னதாகவே கிழித்து அடுக்கிவைக்கும் வீடுகள் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மிகையாகப் படலாம். ஆனால் இப்படி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும்போதுதான், வாரம் முழுவதும் நினைக்காமலேயே கை எத்தனை காரியங்களைச் செய்துவிடுகிறது என்பது அந்த வீட்டாருக்குத் தெரிகிறது.

வியாழக்கிழமை இரவின் பரபரப்புக்கும் பழைய வேர் உண்டு. துணிகளை வியாழக்கிழமையே துவைத்துவிட வேண்டும் என்பது பழங்கால வேத அறிஞர் எஸ்றா ஏற்படுத்திய விதிகளில் ஒன்று என்கிறது, மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தல்மூத் நூல். வெள்ளிக்கிழமை அடுப்படிக்கு உரியது. முறுக்கிப் பின்னிய ஹல்லா ரொட்டி இரண்டு மேசையில் இருக்க வேண்டும். பாலைவனத்தில் இஸ்ரவேலருக்கு வானிலிருந்து கிடைத்த மன்னா என்னும் உணவு ஆறாம் நாள் இரட்டிப்பாகக் கிடைத்ததன் நினைவு அது. மறுநாள் மதியத்துக்கான சூடான உணவை வெள்ளிக்கிழமையே அடுப்பில் ஏற்றி இரவு முழுக்க மெல்லிய சூட்டில் வேக விடுகிறார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் அது இறைச்சி, பார்லி, பயறு, உருளைக்கிழங்கு சேர்ந்த சோலண்ட். பாக்தாத் யூதர்களிடம் கோழிக்குள் அரிசி அடைத்த திபீத். மொரோக்கோவில் கோதுமையும் கொண்டைக்கடலையும் முட்டையும் சேர்ந்த ஸ்கீனா. கிழக்கு ஐரோப்பாவின் சிற்றூர்களிலும் மொரோக்கோ நகரங்களிலும் வீட்டில் பெரிய அடுப்பு இல்லாதவர்கள் தங்கள் பானையை மூடி, ஊர் ரொட்டிக்கடையின் பொது அடுப்பில் வெள்ளிக்கிழமை கொண்டுபோய் வைப்பார்கள். பணக்காரர் பானையும் ஏழை பானையும் ஒரே அடுப்பில் ஒரே இரவு வெந்தன.

இந்த வேலைகளை வேலையாட்களிடம் விட்டுவிட்டு ஒதுங்கியிருக்கக் கூடாது என்பதில் தல்மூத் அறிஞர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். தல்மூத்தின் 'சபாத்' என்னும் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் ஒன்று உண்டு. பெரும் புலமை பெற்ற ஆசிரியர்கள் வெள்ளிக்கிழமை என்ன செய்தார்கள் என்று அது வரிசையாகச் சொல்கிறது. ரபி அபாஹு யானைத் தந்தத்தாலான முக்காலியில் உட்கார்ந்து அடுப்பை விசிறினார். ராவா மீனுக்கு உப்புப் போட்டார். ராவ் ஹிஸ்தா பீட்ரூட் கீரையை நறுக்கினார். ரபாவும் ராவ் யோசேப்பும் விறகு பிளந்தார்கள். ராவ் பாப்பா விளக்குத் திரிகளைத் திரித்தார். ஆயிரக்கணக்கான சட்ட விவாதங்களில் பெயர் வரும் மனிதர்கள் இவர்கள். தங்கள் கையாலேயே இப்படி வேலை செய்ததை மரபு மறக்காமல் குறித்துவைத்திருக்கிறது என்றால், அந்தக் கைவேலைக்கு அது கொடுத்த மதிப்பு எளிதானதன்று. அதே பக்கத்தில் ரபி ஹனீனா நல்லாடை உடுத்தி, மாலை வேளையில் "வாருங்கள், சபாத் அரசியை எதிர்கொள்ளப் போவோம்" என்று அழைத்ததும் வருகிறது. விறகு பிளப்பதும் அரசியை வரவேற்பதும் ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன.

ஊரே சேர்ந்து நிறுத்துவது என்று சொன்னேன் அல்லவா, அதற்குப் பழங்காலத்தில் எக்காளம் ஊதினார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் ஆறு முறை ஊதும் வழக்கத்தைத் தல்மூத் விவரிக்கிறது. முதல் ஒலி கேட்டதும் வயலில் இருப்பவர்கள் மண்வெட்டியை நிறுத்துவார்கள். ஊருக்கு அருகில் வேலை செய்தவர்கள் உடனே ஊருக்குள் நுழைந்துவிடக் கூடாது. தொலைவில் உள்ள வயல்களிலிருந்து வருகிறவர்கள் வந்து சேரும்வரை காத்திருந்து, எல்லாரும் ஒன்றாகத்தான் நுழைய வேண்டும். இரண்டாம் ஒலிக்குக் கடைகள் மூடப்படும். மூன்றாம் ஒலிக்குப் பானைகளை இறக்கிச் சூடு போகாமல் பொதிந்துவைத்து, விளக்கேற்றுவார்கள். பிறகு ஒரு சின்ன மீனைச் சுடும் நேரம், அல்லது ரொட்டியை அடுப்புச் சுவரில் ஒட்டும் நேரம் விட்டு, மேலும் மூன்று முறை ஊதியதும் சபாத் தொடங்கிவிடும். தூர வயலில் இருப்பவன் தாமதமாக வருகிறவன் என்று பெயரெடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் பக்கத்து வயல்காரன் ஊர் வாசலில் நிற்கிறான். சபாத்தின் சமூக உணர்வுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எருசலேம் ஆலயத்திலும் ஒரு குரு மாலையில் எக்காளம் ஊதி ஏழாம் நாளின் வரவை அறிவித்ததாக முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். 1968இல் பெஞ்சமின் மசார் தலைமையில் நடந்த அகழாய்வில், ஆலய மலையின் தென்மேற்கு மூலையடியில், "எக்காளம் ஊதும் இடத்துக்கு" என்று எபிரெயத்தில் பொறித்த கல் கிடைத்தது. இன்றைய எருசலேமில் அந்த இடத்தை சைரன் ஒலி பிடித்திருக்கிறது. மஹனே யெஹுதா சந்தையில் வெள்ளிக்கிழமை பிற்பகல் வரை நெரிசல் தாங்காது. நேரம் நெருங்கும்போது கறுப்பு அங்கி அணிந்த சமயப்பற்றாளர்கள் கடை கடையாகப் போய், சிலர் கொம்பும் ஊதி, அடைக்கச் சொல்வார்கள். சிறிது நேரத்தில் பேருந்துகளும் நின்றுவிடும்.

அடுத்தது பசி. ஏழைக்குச் சபாத் உணவு கிடைப்பது அவனுடைய பாடு என்று விட்டுவிடாமல், அதைச் சட்டமாக்கினார்கள். ஒவ்வொரு ஊரிலும் 'குப்பா' என்ற பொது நிதி இருக்க வேண்டும். இருவர் சேர்ந்து திரட்ட வேண்டும், மூவர் சேர்ந்து பங்கிட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் பங்கீடு நடக்கும். 14 வேளை உணவுக்கு வழி உள்ளவர் அதிலிருந்து எடுக்கக் கூடாது என்கிறது மிஷ்னா. வழிப்போக்கர் ஊரில் சபாத்துக்குத் தங்க நேர்ந்தால் அவருக்கு மூன்று வேளை உணவு கொடுக்க வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ், குப்பா இல்லாத ஒரு யூத சமூகத்தைத் தாம் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்று எழுதினார். பல ஊர்களில் இன்றும் வியாழக்கிழமை இரவு தன்னார்வலர்கள் ரொட்டி, கோழி, பழம், திராட்சை ரசம் அடங்கிய பெட்டிகளைத் தேவைப்பட்டவர் வாசலில் வைத்துவிட்டு, வாங்குகிறவர் முகம் பாராமல் திரும்பிவிடுவார்கள். வீட்டுக்குள்ளும், விளக்கேற்றுவதற்குச் சற்று முன் தர்ம உண்டியலில் காசு போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அன்றைய நாளில் கை கடைசியாகத் தொடும் பணம் பிறருக்கானதாக இருக்கிறது.

உங்கள் பகுதியிலேயே கண்ணுக்கு எளிதில் தென்படாத இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. வீட்டிலிருந்து தெருவுக்குப் பொருள் கொண்டுபோவது விலக்கு என்றால், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளவும் முடியாது, சக்கர நாற்காலியில் இருப்பவரை ஜெப ஆலயத்துக்கு அழைத்துப்போகவும் முடியாது. இளம் தாய்மாரும் முடியாதவர்களும் வீட்டிலேயே முடங்கிவிடுவார்கள். இதற்காகவே 'எருவ்' என்ற எல்லை அமைக்கப்படுகிறது. ஏற்கனவே இருக்கும் சுவர், வேலி, ரயில் பாதை ஆகியவற்றோடு, இடைவெளி உள்ள இடங்களில் கம்பங்கள் நட்டு மெல்லிய கம்பி கட்டி, ஒரு பெரிய பரப்பையே ஒரே வீட்டு முற்றம்போல் ஆக்கிவிடுகிறார்கள். கோல்டர்ஸ் கிரீன், ஹெண்டன் பகுதிகளைச் சூழ்ந்த வடமேற்கு லண்டன் எருவ், பல ஆண்டு வாதப் பிரதிவாதங்களுக்குப் பிறகு 2003இல் நடைமுறைக்கு வந்தது. கம்பங்கள் ஊரின் தோற்றத்தைக் கெடுக்கும் என்று எதிர்த்தவர்களில் யூதர்களும் இருந்தார்கள். இன்றும் கடும் ஆசாரத்தவர் சிலர் அதை ஏற்பதில்லை. ஒவ்வொரு வாரமும் ஒருவர் எல்லை முழுதும் சுற்றிவந்து, கம்பி எங்கும் அறுந்திருக்கவில்லை என்று பார்த்த பிறகே, வெள்ளிக்கிழமை "எருவ் சரியாக இருக்கிறது" என்ற அறிவிப்பு வரும். எல்லை மட்டும் போதாது, அதற்குள் இருப்பவர்கள் உணவில் பங்காளிகளாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காக எல்லாருக்கும் பொதுவான மாட்சா என்னும் புளிப்பில்லா ரொட்டியை ஒரு பெட்டியில் வைத்து, வழக்கமாக ஜெப ஆலயத்தில் பாதுகாக்கிறார்கள். ஊரையே ஒரு வீடாக்குவதற்கு ஒரு பெட்டி ரொட்டி ஆதாரமாக நிற்கிறது.

மாலை நெருங்கும்போது வீட்டுத் தலைவர் மூன்றைச் சொல்ல வேண்டும் என்கிறது மிஷ்னா: தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) பிரித்தாயிற்றா? எருவ் அமைத்தாயிற்றா? விளக்கை ஏற்றுங்கள். நேரம் நெருக்கும்போது வீட்டில் எரிச்சலும் கூச்சலும் எழுவது இயல்பு என்று அறிந்துதான், இவற்றை மென்மையாகச் சொல்ல வேண்டும் என்று தல்மூத் சேர்த்தது. விளக்கின் நோக்கமும் அதுவே. இருட்டில் ஒருவர்மேல் ஒருவர் மோதி மனம் கசந்துவிடாமல் வீட்டில் சமாதானம் நிலைக்கவே சபாத் விளக்கு என்கிறார்கள். ஹனுக்கா என்னும் பண்டிகையின் விளக்குக்கும் சபாத் விளக்குக்கும் சேர்த்து எண்ணெய் வாங்க முடியாத ஏழை, சபாத் விளக்கையே ஏற்ற வேண்டும் என்பது தீர்ப்பு.

ஏற்றும் முறையைக் கவனித்தால் ஒரு நுட்பம் புலப்படும். பொதுவாக யூதர்கள் ஆசீர்வாதம் சொல்லிவிட்டுத்தான் செயலைச் செய்வார்கள். இங்கே ஆசீர்வாதத்தைச் சொன்ன கணமே சபாத் தொடங்கிவிடுவதால், அதன் பிறகு நெருப்பைத் தொட முடியாது. ஆகவே பெண் முதலில் திரிகளை ஏற்றி, சுடருக்கு மேலாகக் கைகளால் மூன்று முறை தன்னை நோக்கி வளைத்து, கண்களை மூடிக்கொண்டு ஆசீர்வாதம் சொல்கிறாள். பிறகு கண் திறந்து, அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் ஒளியைப் பார்க்கிறாள். மூடிய கண்களுக்குள் பிள்ளைகளுக்காகவும் நோயுற்றவருக்காகவும் அவரவர் சொந்த மொழியில் சொல்லிக்கொள்ளும் வேண்டுதல்கள் நெடுங்காலமாக இருக்கின்றன.

சபாத்துக்கு முந்தைய சிந்தனை என்று ஒன்றும் உண்டு. யூத வேதமான தோராவின் ஐந்து ஆகமங்களும் 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு வாராவாரம் வாசிக்கப்படுகின்றன. அந்த வாரப் பகுதியை மூலத்தில் இருமுறையும் அரமேய மொழிபெயர்ப்பில் ஒருமுறையும் சபாத்துக்குள் படித்து முடிக்க வேண்டும் என்பது பழைய நெறி. வெள்ளிக்கிழமை இரவு மேசையில் பிள்ளைகள் உட்பட யாராவது அந்தப் பகுதியைப் பற்றிச் சில வார்த்தை பேசுவார்கள் என்பதால், சமையலுக்கு நடுவே அதுவும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். "ஆறு நாளும் நீ வேலை செய்து, உன் கிரியைகளையெல்லாம் நடப்பிப்பாயாக" என்ற யாத்திராகம வாக்கியத்துக்கு மெகில்தா என்னும் பழைய உரை எழுப்பும் கேள்வியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஆறு நாளில் ஒருவனால் எல்லா வேலையையும் முடித்துவிட முடியுமா? முடியாது. உன் வேலையெல்லாம் முடிந்துவிட்டதுபோல் ஓய்ந்திரு என்பதே பொருள் என்று அவ்வுரை சொல்கிறது. வெள்ளிக்கிழமை அஸ்தமனத்தில் எந்த வீட்டிலும் வேலை உண்மையில் முடிந்திருப்பதில்லை. பதில் எழுதாத கடிதமும் தீராத கடனும் அப்படியே இருக்க, அவற்றைக் கீழே வைக்கக் கற்றுக்கொள்வது பல வருடப் பயிற்சி. உபாகமம் சபாத்துக்குச் சொல்லும் காரணமும் இங்கே வந்து சேர்கிறது: எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும்.

ஜெப ஆலயத்தில் சபாத்தை வரவேற்கும் பாடல் வழிபாடு 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சபேத் நகரத்து ஞானிகளிடமிருந்து உலகெங்கும் பரவியது. அவர்கள் வெள்ளை உடுத்தி வயல்வெளிக்கே சென்று சபாத்தை மணமகளாக எதிர்கொண்டார்கள். அந்த வழிபாட்டுக்குள் ஒரு சிறு நிகழ்ச்சி இருக்கிறது. அந்த வாரத்தில் நெருங்கிய உறவைப் பறிகொடுத்துத் துக்கம் காக்கிறவர், வரவேற்புப் பாடல் முடியும்வரை உள்ளே வருவதில்லை. பாடல் முடிந்ததும் அவர் வாசலில் நுழைய, சபையார் அவர் பக்கம் திரும்பி, எருசலேமுக்காகத் துக்கப்படும் எல்லாரோடும் சேர்த்துக் கடவுள் உமக்கு ஆறுதல் அளிப்பாராக என்று சொல்கிறார்கள். சபாத்தில் வெளிப்படையான துக்கம் கிடையாது. ஆனால் அதைத் தொடங்கும்போது துக்கத்தில் இருப்பவரை ஊர் பார்க்காமல் விட்டுவிடுவதும் கிடையாது. வழிபாடு முடிந்து கலையும்போது, புதுமுகம் தென்பட்டால் "இரவு உணவுக்கு இடம் இருக்கிறதா?" என்று கேட்பது பெரும்பாலான சபைகளில் சாதாரணம். பாபிலோனில் திராட்சை ரசத்தின் மேல் சொல்லும் கிட்டூஷ் ஜெபத்தை ஜெப ஆலயத்திலேயே சொன்னதற்குக் காரணம், அங்கேயே உண்டு உறங்கிய வழிப்போக்கர்கள்தாம்.

ஆகவே தனியாக அனுசரித்தால் போதாதா என்ற கேள்விக்கு, நமக்கு அருகிலேயே கொச்சியில் நடந்ததைச் சொல்வது பொருந்தும். மலையாளக் கரை யூதர்களின் தலைவர் யோசேப்பு ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் சுமார் கி.பி. 1000இல் வட்டெழுத்தில் பொறித்த செப்பேடு வழங்கினார். மட்டாஞ்சேரி, எரணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் அவர்கள் ஜெப ஆலயங்கள் கட்டினார்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றிய கண்ணாடி விளக்குகள் கூரையிலிருந்து தொங்கின. மாடியில் பெண்கள் பகுதியை ஒட்டி இரண்டாவது வாசிப்பு மேடை அமைத்துக்கொண்டார்கள். 1954 முதல் பெரும்பான்மையோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆசார மரபில் பொது வழிபாட்டுக்கும் தோரா சுருளை எடுத்து வாசிப்பதற்கும் வயது வந்த பத்து ஆண்கள் வேண்டும். சீர்திருத்தச் சபைகள் பெண்களையும் எண்ணுகின்றன. கொச்சியில் எஞ்சிய கைவிரல் அளவு மனிதர்களால் அந்த எண்ணை நிறைக்க முடியவில்லை. வீட்டில் விளக்கேற்றலாம், ரொட்டி பிட்கலாம், கிட்டூஷ் சொல்லலாம். இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் ஜெபத்தைச் சொல்ல முடியாது, சுருளைத் திறந்து சபையாக வாசிக்க முடியாது. பறவூர், சேந்தமங்கலம் ஆலயங்கள் இன்று அருங்காட்சியகங்கள். எரணாகுளத்துக் கடவும்பாகம் ஆலயத்துக்கு, அலங்கார மீனும் செடியும் விற்கும் கடை வழியாகத்தான் போக வேண்டும். மட்டாஞ்சேரியில் வெளியூர் யூதர்கள் வந்து பத்துப் பேர் சேரும் வெள்ளிக்கிழமையில்தான் முழு வழிபாடு நடக்கும். நெகேவ் பாலைவனத்தில் கொச்சி யூதர்கள் குடியேறிய நெவாத்திம் போன்ற ஊர்களில் பத்துப் பேரைத் தேடி அலைய வேண்டிய நிலை இல்லை.